உயிர்த்த ஞாயிற்றுக்கு வளர்த்த கோழிகள்

நெடுந்தீவில் பிலோமினாவின் வளவில் பப்பாவும் மாதுளையும் காய்த்தன. கத்தரியும் கீரையும் விளைந்தன. கோழி வளர்ப்பும் அவளுக்குப் புதிதில்லை. ஊர்க்கோழிகளைத் தவக்காலம் முழுக்க மேயவிட்டு, உயிர்த்த ஞாயிற்றுக்குத்தான் அறுப்பாள். 2006இல் யாழ்ப்பாணத்திலிருந்து இறைச்சிக்கோழிக் குஞ்சுகளை வாங்கியபோதும் அதே கணக்கையே போட்டாள். கூடக் காலம் நின்றால் கூட இறைச்சி வைக்கும் என்று நினைத்து, தை மாதமே வளர்க்கத் தொடங்கினாள்.

ஆறேழு கிழமையில் அறுக்கவேண்டிய இனம் அது. பங்குனியிலேயே அவை நடக்க ஏலாதபடி கொழுத்துவிட்டன. தவக்காலத்தில் அந்தக் குறிச்சியில் எந்த வீட்டிலும் இறைச்சி காய்ச்சமாட்டார்கள். எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்கு ஏற்றி விற்றுவிடலாமென்றால், கடலில் சண்டை என்று படகை நிறுத்திவிட்டார்கள். கோழித் தீனும் வரவில்லை.

பக்கத்து வீட்டு றெஜினா மதிலால் எட்டிப் பார்த்தாள்.

“பங்குச் சாமியாரிட்டைக் கேட்டுப் பாருங்கோவன் அக்கா.”

“கேட்டனான். சாப்பிடலாமாம். அவர் விட்டாலும் சனம் வாயிலை வைக்காது. நீர் வைப்பீரோ?”

றெஜினா மதிலடியை விட்டு விலகிப் போனாள்.

பிலோமினா கீரைப் பாத்தி முழுவதையும் பிடுங்கிப் போட்டாள். பப்பாக் காய்களைச் சீவிப் போட்டாள். பாழாய்ப்போன வயிறுகளுக்கு எவ்வளவு போட்டும் காணவில்லை. வெயில் ஏற ஏறக் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. எல்லாவற்றையும் பப்பா மரத்தடியில் புதைத்தாள்.

குருத்தோலை ஞாயிறன்று மிஞ்சியிருந்தது ஒரு சேவல்தான். பூசை முடிந்து வந்தவளைக் கண்டதும் அது எழும்பப் பார்த்தது. கால்கள் தாங்கவில்லை. அவள் கையில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த குருத்தோலை இருந்தது. அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துச் சேவலின் முன்னால் போட்டாள்.

அது ஒரு தடவை கொத்திப் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்தபடி கிடந்தது.