கப்பலுக்குக் காத்திருந்த கன்றுகள்

லோபாக்கில் என் வீட்டு மேசை இழுப்பறையில் ஓர் ஒட்டுக்கத்தி கிடக்கிறது. பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப் இன்னும் கழன்றுவிடவில்லை. என் சின்னம்மாவின் கத்தி அது. ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்றங்கால் அவர் பொறுப்பில் இருந்தது. கன்றின் பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் மொட்டைச் செருகிக் கட்டுவார். அவர் கட்டிய மொட்டு துளிர்க்காமல் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்கட்டுமே.

அந்தக் கன்றுகளை ஈர மரத்தூளில் பொதிந்து, பெட்டியில் அடைத்து, கடலுக்கு அப்பால் இருக்கும் நம் சபா மாநிலத்துக்குக் கப்பலில் அனுப்புவோம். அவற்றை அனுப்பும் கிராணி, தோட்ட ஆபீஸ் எழுத்தர், நான். அந்தப் பக்கம் போகிற வெளிநாட்டுக் கப்பல் எதுவானாலும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். எண்பதுகளில் சட்டம் மாறியது. உள்நாட்டுச் சரக்கை இனி நம் கொடி பறக்கும் கப்பல்தான் ஏற்றலாம் என்றார்கள். நம்மவர்கள் தலையெடுக்கட்டும் என்று நானும்தான் மகிழ்ந்தேன். ஆனால் அப்போது நம் கப்பல்கள் கொஞ்சம். அங்கிருந்து சரக்கில்லாமல் காலியாகத் திரும்புவதால் அந்தச் செலவும் எங்கள் கட்டணத்தில் ஏறியது. பெட்டிகள் துறைமுகக் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தன. அவற்றைத் திருப்பி எடுத்திருக்க வேண்டியவன் நான். நாளை கப்பல் வரும், நாளை வரும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

சபாவிலிருந்து தகவல் வந்தது. பெட்டியைத் திறந்தால் பாதி அழுகல், மீதி இருட்டிலேயே வெளுத்து முளைத்திருந்ததாம். மானேஜர் சின்னம்மாவைக் கூப்பிட்டு, கட்டியதில்தான் கோளாறு என்றார். வெளியே வந்தவர் என் மேசையருகே நின்றார்.

"ஏன்டா தம்பி, என் கைதான் கெட்டுப் போச்சா?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். "தெரியல சின்னம்மா" என்றேன்.

மறுநாள் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டுப் புல் வெட்டும் கூட்டத்தோடு வேலைக்குப் போனார். சபாக்காரர்கள் அங்கேயே நாற்றங்கால் போட்டுக்கொண்டார்கள். எங்களுடையதை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள்.

பல வருடம் கழித்து, கத்தியை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நம்ம கப்பலு நல்லா ஓடட்டும்லா. நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்டா. இத்தன வருஷமா என் கைய நானே திட்டிக்கிட்டு இருந்தேன்."

கத்தியை வாங்கிக்கொள்ளவில்லை. விரல்கள் மடங்குவதில்லை, நீயே வைத்துக்கொள் என்றார். இப்போது அவரும் இல்லை. மாதம் ஒருமுறை இழுப்பறையைத் திறந்து அதற்கு எண்ணெய் பூசுகிறேன். கூர் அப்படியே இருக்கிறது.