முகரக் கூடாத பூ

ராஜீவி அக்காவின் மல்லிகைப் பந்தலுக்கு அடியில் நின்று தும்மினால்கூடத் திட்டு விழும். சங்கரபுரத்தைச் சுற்றி வீட்டுக்கு வீடு மல்லிகைதான். ஆனாலும் அவளைப் போலக் கொடி வளர்க்க ஆள் கிடையாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், அவள் எதிரில் மட்டும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அவளுக்குத் தலைக்கனம் அதிகம்.

புருஷன் கள் இறக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து செத்தபோது மகள் பிரமீளாவுக்கு நான்கு வயது. அடுத்த மழைக்கே அக்கா எங்கிருந்தோ பத்துக் கொடித்துண்டு கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டாள். அது அறுபது கொடியாயிற்று. பாக்குமரக் கம்பு நட்டு, குறுக்கே கயிறு கட்டி, ஒவ்வொரு கொடியையும் கைப்பிடித்து மேலே ஏற்றினாள். கடலைப் புண்ணாக்கையும் சாணியையும் ஐந்து நாள் ஊறவைத்து, வடிகட்டி, வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊற்றுவாள். வேரிலேயே ஊற்றினால் வெந்துவிடும் என்பாள். காலையில் எழுந்ததும் முதல் வேலை இலையைத் திருப்பிப் பார்ப்பது. "இலைக்கு அடியில பாக்காதவளுக்குப் பூவக் கேக்க என்ன யோக்கியதை?" என்று கேட்பாள்.

நான் அப்பி. அடுத்த வீடு. அவள் பறிக்கும் மொட்டை வாழைநாரில் கட்டுவது பன்னிரண்டு வருஷமாக என் வேலை. நாரைக் கிழித்து, ஈரமாக்கி, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் ஓடும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். அந்த நாரைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பல்லைப் பற்றி யார் சொல்கிறார்கள்?

அந்தப் பந்தலுக்கு ஒரு சட்டம் இருந்தது. நாரில் கட்டி உருட்டிய பூவில் முதல் செண்டு ஊர்த் தெய்வம் ஜுமாதியின் கோயிலுக்குப் போகும். அது அங்கே போய்ச் சேரும்வரை அன்று பறித்த எந்தப் பூவையும் யாரும் முகர்ந்து பார்க்கக் கூடாது. முகர்ந்தால் எச்சில். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இது உண்டு, ஆனால் அக்காவிடம் அது வேறு கதை. ஒரு தடவை தபால்காரர் ஆசையாக ஒரு மொட்டின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனார். அவ்வளவுதான். அன்றைய கூடை முழுவதையும் எருக்குழியில் கொட்டிவிட்டாள். அவர் அதற்குப் பிறகு வேலிக்கு வெளியே நின்றே கடிதத்தை வீசிவிட்டுப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபின் ஒரு நாள் நான் உள்ளே போனால், அடுப்பில் மத்தி மீன் குழம்பு கரிந்து வீடே நாறுகிறது, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக நார் கிழித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு விளங்கிவிட்டது. அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"மூக்கு செத்துப்போச்சுடி அப்பி. வெளியில சொன்னே, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்."

"சொன்னா என்னக்கா? காய்ச்சல்ல யாருக்கும் வர்றதுதானே."

"யாருக்கும் வரலாம். மல்லிகைக்காரிக்கு வந்தா என்ன பேசுவாங்க தெரியுமா? திருட்டுத்தனமா மோந்திருக்கா, அதான் ஜுமாதி மூக்கப் புடுங்கிருச்சும்பாங்க."

அப்படித்தான் பேசுவார்கள், எனக்கும் தெரியும். கரிந்த சட்டியை இறக்கிப் பின்னால் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

பிரமீளாவைப் பம்பாயில் ஓட்டல் வேலை பார்க்கும் ஒரு நல்ல பையனுக்குக் கொடுத்திருந்தது. முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது ஆறாம் மாதம். மூன்றாவது உண்டானதும் அக்கா ஜுமாதி முன்னால் போய் விழுந்தாள். ஆறு மாதம் தாண்டட்டும், சீமந்தத்துக்கு என் கையால் வளர்த்த கொடியிலிருந்தே தலை முதல் இடுப்புவரை பூ ஜடை வைக்கிறேன், ஒரு மொட்டுகூட வெளியில் வாங்க மாட்டேன், முதலில் உன் காலடியில் வைத்துவிட்டுத்தான் அவள் தலைக்கு என்று வேண்டிக்கொண்டாள். மாமியார் இல்லாத பெண் என்பதால் பிரமீளா ஆறாம் மாதமே தாய்வீடு வந்துவிட்டாள். அவள் முற்றத்தில் நடந்தால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள்.

அதற்குப் பத்து நாள் இருக்கும்போது வேளை கெட்ட வேளையில் ஒரு மழை. சித்திரை வெயிலில் நனைந்த மண் ஆவி விட்டது. நான்காம் நாள் மொட்டுகள் ஊதா நிறமாகின. கிள்ளிப் பார்த்தால் உள்ளே நூல் மாதிரிப் புழு. அக்கா வேப்பெண்ணெய் அடித்தாள், கையால் பொறுக்கினாள், ஜுமாதியிடம் சண்டை போட்டாள். புழு ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. புதன்கிழமை உரக்கடைக்குப் போனோம்.

கடைக்காரன் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துத் திறந்து காட்டினான். "இத அடிச்சா புழு இல்ல, புழுவோட பாட்டனும் நிக்க மாட்டான். ஒரு டேங்க்குக்கு ஒரு மூடி. ஆனா அடிச்சுப் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் பறிக்கணும்."

வியாழக்கிழமை காலை முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் டேங்க்கைத் தோளில் ஏற்றினாள். மூன்று மூடி ஊற்றியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அக்கா, ஒரு மூடின்னான். பதினஞ்சு நாளும்னான்."

"அது கத்திரிக்காய்க்கு. பூவ யாருடி திங்கறா?"

அதற்கு எனக்குப் பதில் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நார் கிழிக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பந்தல் அமைதியாக இருந்தது. வழக்கமாக அங்கே தேனீயின் இரைச்சலில் பேச்சே கேட்காது. ஒரு தேனீ இல்லை. கம்பில் ஏறும் சிவப்பெறும்பு வரிசையைக் காணோம், கீழே பார்த்தால் மிளகாய் விதை சிந்தியதுபோல் செத்துக் கிடந்தது. சனிக்கிழமை காலை அக்கா இரண்டாம் தடவை அடித்தாள். மத்தியானம் பந்தலுக்கு அடியில் இரண்டு தேன்சிட்டு, கால் மேலே தூக்கியபடி.

அக்கா அவற்றைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளினாள். "பாத்தியா? ஈ, எறும்பு, குருவி, ஒண்ணுக்கும் வாய வைக்கத் தைரியம் இல்ல. ஜுமாதி காவலுக்கு வந்து நிக்குது."

"காவலுக்கு நின்னா சிட்டு எதுக்குக்கா சாகணும்?"

"எச்சப்படுத்த வந்துச்சு, செத்துச்சு. நீ நாரப் பாரு."

புழு போய்விட்டது என்னவோ உண்மை. ஞாயிறு விடியற்காலை கொடி முழுவதும் வெள்ளை. அந்த வருஷம் அத்தனை மொட்டு நான் பார்த்ததில்லை. பறிக்கும்போது அக்காவின் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். நான் கட்ட உட்கார்ந்தேன். மூன்றாவது செண்டில் உதடு மரத்தது. நாலாவதில் வாயெல்லாம் எச்சில் ஊறியது, தலை விண்விண்ணென்றது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும் என்று கஞ்சி குடித்துவிட்டு வந்தேன். போகவில்லை.

அக்கா கிணற்றடிக்குப் போன நேரம். நான் ஒரு செண்டைத் தூக்கி மூக்கில் வைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. விரியாத மொட்டில் மல்லிகை வாசனை எங்கே இருக்கிறது? அழுகிய பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு நாற்றம்தான் மண்டைக்கு ஏறியது. கடைக்காரன் பாட்டிலைத் திறந்து காட்டினானே, அதே நாற்றம்.

அப்போதே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், நீங்களே திட்டிக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகாத பூவை முகர்ந்தேன் என்று சொன்னால் நேர்த்தி கெட்டது என்னால் என்று ஆகும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் மருந்தைச் சொல்லாது, அப்பியைச் சொல்லும். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஆறு செண்டு ஜடைக்கு, ஒன்று ஜுமாதிக்கு. மீதிப் பதினோரு செண்டையும் வாழையிலையில் பொதிந்து வைத்தேன். பத்து மணிக்கு வழக்கமான பூ வண்டி வந்தது. ஏற்றிவிட்டேன்.

ஜடைப்பூ கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தபோது மூன்று மணி. பிரமீளாவைப் பச்சைப் புடவையில் மணையில் உட்காரவைத்திருந்தார்கள். ஈரத் துணியில் சுற்றி வந்த பூவைக் தலை முதல் இடுப்புவரை வைத்துத் தைத்தார்கள். வெயிலுக்கு மொட்டு விரியத் தொடங்கியது. வீடு முழுவதும் மல்லிகை, ஊதுபத்தி, நெய். பிரமீளா முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, ஒரு மாதிரி நாத்தம் வருது. வாந்தி வருது."

சேசி அத்தை சிரித்தாள். அக்காவின் நாத்தனார், எந்தச் சீமந்தத்திலும் முதல் வரிசையில் இருப்பவள். "வயித்துப் பிள்ளைக்காரி மூக்கு அப்படித்தான். எனக்கு அப்ப புருஷனே நாறுனான்." ஜடையைத் தூக்கி முகர்ந்தாள். "நல்லாத்தானே மணக்குது!"

விரிந்த பூ அல்லவா, மணக்கத்தான் செய்யும். எல்லோரும் சிரித்தார்கள். பிரமீளாவின் கழுத்தில் வேர்வை வழிந்து, பூவின் ஈரத்தோடு சேர்ந்து முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு தடவை எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன். காலையில் என் வாயில் ஊறிய அதே எச்சில்.

"அக்கா, ஜடைய எடுங்க" என்றேன்.

"என்னடி?"

"மருந்து நாத்தம் அதுல இருக்கு. காலைல நான் மோந்து பாத்தேன்."

மருந்து என்ற சொல் ஒருத்தி காதிலும் விழவில்லை. "கோயிலுக்குப் போறதுக்கு முந்தியா?" என்று சேசி அத்தை கேட்டாள். "அடிப்பாவி, இது நேர்த்திப் பூடி. ரெண்டு போயி மூணாவதுடி."

அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "எம் பொண்ணு வயித்துல மண்ணப் போட்டுட்டியேடி! பன்னெண்டு வருஷம் எஞ்சோத்தத் தின்னுட்டு..."

"திட்டுங்க. அடிங்க. மொதல்ல அத எடுங்க. ஒதடு மரத்துப்போச்சுக்கா எனக்கு. தலை சுத்துது. சிட்டு செத்துச்சே, நெனச்சுப் பாருங்க."

"மோந்து பாரேன் ராஜீவி, உனக்குத் தெரியாத பூவா?" என்றாள் சேசி அத்தை.

அக்கா ஜடையை மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். அவள் கண் என்னைத் தேடியது. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் மானமும் நேர்த்தியும் பிழைத்திருக்கும், நான் ஊருக்கு எதிரியாகியிருப்பேன். அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தெரியல" என்றாள். "ரெண்டு வருஷமா எனக்கு எந்த வாசனையும் தெரியாது." பிறகு என்னிடம், மெதுவாக, "நேத்துலேர்ந்து கை நடுங்குதுடி அப்பி. ஜுமாதி எம்மேல எறங்குதுன்னு நெனச்சேன்."

அடுத்த நொடி ஜடையைப் பிய்க்க ஆரம்பித்தாள். பூவோடு முடியும் வந்தது. பிரமீளா அலற, நானும் அக்காவும் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்ப் பட்டுப்புடவையோடு சோப்பு போட்டு, குடம் குடமாக ஊற்றினோம். பிரமீளா வாந்தி எடுத்தாள். அக்கா அவள் வயிற்றில் கையை வைத்தாள்.

"அசையுதாம்மா?"

"காலைல அசைஞ்சது."

"இப்ப?"

பிரமீளா குனிந்து இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். சேசி அத்தையின் மகன் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன மருந்து, எத்தனை மூடி, எப்போது அடித்தது என்று கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. மூன்று என்று விரலைக் காட்டினாள், அந்த விரல்கள் ஆடின. டாக்டரம்மா அவளையும் என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இருவருக்கும் ஊசி போடச் சொல்லி நர்ஸிடம் எழுதிக் கொடுத்தார். பிறகு பிரமீளாவின் வயிற்றில் ஒரு கருவியை வைத்து நகர்த்தினார். இங்கே இல்லை. அங்கே இல்லை. அக்கா என் மணிக்கட்டை எலும்பு நோகப் பிடித்திருந்தாள். அப்புறம் கேட்டது, வேகமாக, ஓடுகிற சின்னக் கால் போல.

"துடிப்பு இருக்கு. ரெண்டு நாள் வச்சுப் பாக்கணும்" என்றார். "தலைலேர்ந்து சீக்கிரம் எடுத்தீங்க. பொழுதுக்கும் வச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை மன்னித்தாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கருவியில் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது, இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா தலையைத் தூக்கினாள்.

"அப்பி. மீதிப் பூ?"

"பத்து மணி வண்டில ஏத்திட்டேன்."

"எத்தனை?"

"பதினொண்ணு."

போன் போட்டோம். வண்டிக்காரன் எரிந்து விழுந்தான். நூறு வீட்டுப் பூ ஒரே பெட்டியில போட்டாச்சு, எது உங்க வீட்டுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், பாதி பம்பாய்க்கு ஏறிருச்சு, மீதியக் கடைல வித்தாச்சு என்றான். நாளை முகூர்த்த நாள், வாங்கிப் போனதெல்லாம் கல்யாண ஜடைக்கு என்றும் சொன்னான்.