முதல் வரியில் ஒரு சுழி

உத்திரமேரூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபுக்கு நான்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மெஷின் தரும் முடிவைப் பெயரோடு சேர்த்து ரிப்போர்ட் அடிக்கும். எந்த முடிவு எந்தப் பெயருக்குப் போனது என்று வரிவரியாக லாக் ஃபைலிலும் எழுதி வைக்கும். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் லேபில் வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள்.

“அண்ணா, நேத்து கரண்ட்டு போயி வந்துச்சில்ல, அதுக்கப்புறம் ரிப்போர்ட்டுங்க மாறிப் போயி கீது. லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுத்த டிரைவருக்கு பிளேட்லெட் பதினெட்டாயிரம்னு அடிச்சி கீது. ஆளு குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. திரும்ப எடுத்தா ரெண்டு லட்சத்துக்கு மேல கீது.”

பிளேட்லெட் அவ்வளவு இறங்கினால் ரத்தம் உறையாது, உயிருக்கே ஆபத்து. அப்போ அந்தப் பதினெட்டாயிரம் யாருடையது? நேற்றைய டியூபுகள் குப்பைக்குப் போய்விட்டன.

“லாக்கைத் திறந்து பாரும்மா.”

“காலியா கீதுண்ணா.”

ஓடினேன். லாக்குக்கான செட்டிங் ஃபைலின் முதல் வரியில் ‘உ’ என்று பிள்ளையார் சுழி! பரீட்சைத் தாள் காலத்துப் பழக்கம். வீட்டில் சோதித்த ஃபைலில் அது இல்லை. லேபில் உட்கார்ந்து புதிதாக அடித்தபோது கை தானாகப் போட்டிருக்கிறது. அந்த ஓர் எழுத்தில் தடுக்கி, மென்பொருள் மீதி வரிகளைப் படிக்கவே இல்லை. படிக்க முடியாவிட்டால் திரையில் ஒன்றும் காட்டாதே, சும்மா ஏன் அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எழுதிய மகா புத்திசாலியும் நானேதான். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கரண்ட் வந்தபின் போனவை ஆறு ரிப்போர்ட். டிரைவர் போக நான்கு பேரைப் போனில் பிடித்து வரவழைத்தோம். நால்வருக்கும் ஒன்றுமில்லை. மிச்சம் ஆறு வயதுப் பெண் குழந்தை. போன் நம்பர் இல்லை, ஊர்ப் பெயர் மட்டும்.

பைக்கில் போகும்போது தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ஊருக்கு வெளியே ஏரிக்கரைக் குடிசையில் குழந்தை காய்ச்சலில் பாயில் சுருண்டு கிடந்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

“ரத்தம் நல்லா கீதுன்னாங்களே சார். அதான் கஞ்சி குட்த்து படுக்க வச்சிக்கீறேன்” என்றாள் அம்மா.

“அது வேற யாரோடதோம்மா. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு!”

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பயந்து இருவரையும் பைக்கிலேயே ஏற்றினேன். வழி நெடுக அந்தக் காய்ச்சல் என் முதுகில் சுட்டது.

குழந்தை பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பிய அன்று, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக மடித்து வைத்திருந்த, என் மென்பொருள் அடித்த ரிப்போர்ட்டை அவள் அம்மா நீட்டினாள்.

“இத இன்னா பண்றது சார்? எம் பொண்ணு பேருதான எய்தி கீது?”