படகில் வெளிப்பேச்சு கிடையாது

என் மனைவிக்கு வேலை, போனில் திட்டு வாங்குவது. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர்முனையில் இருப்பவர் வண்டி வண்டியாகத் திட்டினாலும் திரையில் எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்." குரல் கொஞ்சம் ஏறினால் மேலே உள்ளவர் பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டு அனுப்புவார். வருஷக்கணக்கில் அப்படியே பேசிப் பேசி வீட்டிலும் அவள் குரல் ஏறாமல் போய்விட்டது. நான் ஏசி மெக்கானிக். கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவன். எங்கள் வீட்டில் கத்துகிற பொறுப்பு முழுக்க என்னுடையது.

இப்படிப்பட்ட சாது ஆன்லைன் விளையாட்டில் போய் விழுந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒரே நாட்டுக்குள் நடமாடுகிற விளையாட்டு அது. காடு, சந்தை, ஆறு, மழை எல்லாம் உண்டு. ராட்சசனை வெட்டலாம், ராஜாவாகலாம், ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் படுத்தும் கிடக்கலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. இவள் போய்ப் படகு ஓட்டினாள். இக்கரையில் ஆளை ஏற்றி அக்கரையில் இறக்கிவிடுவது, திரும்பவும் அதே. அதில் எங்கே சுவாரஸ்யம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படகில் இருப்பவர் பேச்சு மட்டும் பக்கத்தில் கேட்கும். கரையில் இருப்பவர் பேச்சு, படகு நகர நகரத் தேய்ந்துபோகும். மழை வலுத்தால் பக்கத்துப் பேச்சும் சரியாகக் கேட்காது. கொஞ்ச நேரத்தில் நானும் நனைகிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"இதுல எப்ப ஜெயிப்ப?" என்று கேட்டேன்.

"ஜெயிக்கவா? எதுக்கு?" என்றாள்.

அவள் சேர்ந்து விளையாடுகிற கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளிப்பேச்சு கிடையாது. உண்மையில் நீ யார், எந்த ஊர், என்ன வேலை, யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. வீட்டில் குழந்தை அழுதால்கூட "கரையில ஏதோ பறவை கத்துது, பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டுப் போனாலே பூர்வோத்தரம் முழுக்க விசாரிக்கிற உலகத்தில் இது எனக்குச் சுத்தக் கிறுக்குத்தனமாகப் பட்டது. "அங்க போனா மூச்சு நல்லா வருதுங்க" என்பாள் இவள்.

அவள் படகில் தவறாமல் ஏறுபவர் ஒரு மூட்டைக்காரர். ஊசி, உப்பு, கண்ணாடி என்று எதையாவது முதுகில் சுமந்து விற்கிற வேஷம். குரலை வைத்து வயதானவர் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் என்ன நடிப்பு. ஒருநாள் தன் கழுதை செத்துப்போனதாகச் சொல்லி அவர் அழுத அழுகையில் இவள் கண் கலங்கிவிட்டது. நான் பதறி எழுந்து வந்து கேட்ட பிறகுதான், அப்படி ஒரு கழுதையே இருந்ததில்லை என்று தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தரையில் உட்கார்ந்து ஏசி ஃபில்டர் துடைத்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க ஹெட்ஃபோன் போட்டுக் காது புண்ணாகியிருந்ததால் அன்றைக்கு அவள் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். படகில் மூட்டைக்காரரும் கொல்லர் வேஷம் போட்ட இன்னொருவரும் இருந்தார்கள். நடு ஆறு.

"படகுக்காரம்மா, நெஞ்ச என்னமோ பிசையுது" என்றார் மூட்டைக்காரர்.

"உப்புல கலப்படம் பண்ணுனீங்கள்ல, ஆத்து அம்மன் கோவம்தான்" என்றார் கொல்லர்.

இவளும் சிரித்தாள். "அக்கரை போனதும் பச்சிலை அரைச்சுத் தரேன் பெரியவரே, பொறுங்க."

"மூச்சு... விட முடியல."

"அடடா, இன்னிக்குக் கழுதைய மிஞ்சிட்டாரு" என்றார் கொல்லர்.

அப்போது ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. எவர்சில்வர் டம்ளர், வழவழப்பான தரையில், சுவரில் போய் முட்டும்வரை. அந்த ஆற்றில் டம்ளர் உருள இடமே கிடையாது. என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, இது நிஜம்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்று கத்தினேன்.

"எந்த ஊரு ஆம்புலன்ஸுக்கு?"

மனுஷன் எங்கள் வீட்டுக்குள்ளேயே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார், அவர் பேர் தெரியாது, ஊர் தெரியாது. கொல்லரைக் கேட்டாள். "யாரும் கேட்டதில்லையே, கேக்கக் கூடாதுன்னு தானே..." என்று இழுத்தார்.

ஸ்பீக்கரில் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அதற்குப் பின்னால், ரொம்பத் தள்ளி, மிக்ஸி ஓடுகிற சத்தம். அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. இவள் போடுகிற சத்தமெல்லாம் அவர் காதில் மாட்டியிருக்கிற ஹெட்ஃபோனோடு நின்றுவிடுகிறது.

"ஐயா, உங்க ஹெட்ஃபோன் ஒயரப் புடுங்குங்க. கம்ப்யூட்டர்ல சொருகியிருக்குமே, அதப் பிடிச்சு இழுங்க." அப்போதும் அதே ஆபீஸ் குரல். திரும்பச் சொன்னாள். மூச்சு நின்றது போல இருந்தது. நான் சாமியைக் கும்பிடுகிற ஆள் இல்லை, அன்றைக்குக் கும்பிட்டேன். மூன்றாம் தடவை சொன்னபோது அவள் சொன்ன "இழுங்க" அங்கே எதிரொலித்துத் திரும்ப எங்களுக்கே கேட்டது. ஒயர் வந்துவிட்டது, இனி இவள் குரல் அந்த வீட்டுக்கே கேட்கும்.

அப்புறம் என் மனைவி கத்தினாள். "யாராவது வாங்க. ஐயா விழுந்துட்டாரு. வாங்க, வாங்க." தொண்டை கிழிகிற கத்தல். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், நான் திறக்கவில்லை. அங்கே மிக்ஸி நின்றது. ஓடி வருகிற காலடி, ஒரு பெண் "அப்பா" என்று அலறியது, நாற்காலி சாய்ந்தது. இணைப்பு அறுந்தது. மூட்டைக்காரர் உருவம் மட்டும் கொஞ்ச நேரம் படகில் நின்றுவிட்டு மறைந்தது.

அதற்குப் பிறகு இருந்தோமா செத்தோமா என்று இருந்தோம். யாரிடம் விசாரிப்பது? அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் எதிர்முனையில் யாராவது இருமினால் எழுதியிருப்பதைப் படிக்காமல், "சார், உடம்புக்கு என்ன?" என்று கேட்டு இரண்டு முறை மெமோ வாங்கினாள். விளையாட்டுக்குள்ளும் பயம் புகுந்துவிட்டது. யாராவது மேல்மூச்சு வாங்கினால் "நிஜமாவா?" என்று எல்லாரும் நின்றுவிடுவார்கள். கொல்லர் தன் வீட்டு விலாசத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு சாயங்காலம் மூட்டைக்காரர் வந்தார். மெலிந்த குரல். ஹெட்ஃபோனை வீட்டில் பிடுங்கி வைத்துவிட்டார்கள் போல, டிவியும் பாத்திரச் சத்தமும் அவரோடு சேர்ந்தே வந்தன.

"படகுக்காரம்மா, அக்கரைக்கு வரலாமா?"

"ஏறுங்க பெரியவரே." ஒன்றும் கேட்காதே என்று கையை ஆட்டினேன். பாதி ஆறு வரை தாக்குப்பிடித்தாள்.

"மாத்திரை போட்டீங்களா ஐயா?"

அப்போது அவருக்குப் பின்னால் இருந்து அந்தப் பெண் குரல்: "அப்பா, அவங்களும் கேக்கறாங்க பாருங்க. சொல்லுங்க."

"இங்கயுமாம்மா?" என்று இவளைக் கேட்டார் மூட்டைக்காரர்.

அக்கரையில் இறங்கினார், கூலி கொடுத்தார், போய்விட்டார். அதற்கப்புறம் அவர் இவள் படகில் ஏறவே இல்லை. ஆற்றுக்கு மேலே ரொம்ப தூரத்தில் ஒரு பாலம் இருக்கிறது. சுற்று வழி. தினமும் சாயங்காலம் மூட்டையைச் சுமந்துகொண்டு அதன் வழியாகத்தான் போகிறார். குரல் எட்டாத தூரம், உருவம் மட்டும் தெரியும். அவர் பாலத்தைக் கடக்கும்வரை இவள் யாரையும் ஏற்றுவதில்லை. நானும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். நேற்று ரொம்பத் தாமதமாக வந்தார். அதுவரை கரையில் நின்றவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், இவள் படகை எடுக்கவில்லை.