சங்கங்குப்பி வேலி

அலுவலக வாசலில் வேலிச்செடியை மெஷின் வைத்துச் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட இலையின் கசப்பு நெடி மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது, சங்கங்குப்பி.

மீமிசல் பக்கம், கடலோரத்தில் எங்கள் கொல்லைக்கு அதுதான் வேலி. ஆடுகூட வாய் வைக்காது. எங்களுக்குச் சிரங்கு வந்தால் அம்மா அந்த இலையை அண்டாவில் வேகவைத்து, பாசி நிறத்தில் இறங்கிய தண்ணீரை மேலுக்கு ஊற்றுவாள். துண்டால் துடைக்க விடமாட்டாள். அக்காவும் நானும் கையை விரித்துக்கொண்டு உப்புக்காற்றில் காயும்வரை நிற்க வேண்டும்.

"சோப்பைத் தொட்டீங்க, கையை ஒடிச்சுப்புடுவேன்" என்பாள்.

மறுநாள் வகுப்பில் அந்த நெடிக்கு என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரமாட்டாள். அம்மா மேல் அப்படி ஆத்திரம் வரும். ஆனால் சிரங்கு காய்ந்துவிடும்.

இப்போது என் மகள் தூங்காமல் சொறிகிறாள். எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை. ஊரில் வேலி இருந்த இடத்தில் அண்ணன் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டான். நான் குனிந்து, வெட்டிப் போட்டதை இரண்டு கையாலும் அள்ளினேன்.

"அதைத் தொடாதீங்கம்மா, காலையிலதான் பூச்சி மருந்து அடிச்சோம்" என்றார் மெஷின்காரர்.

"ஆடே திங்காத செடிக்கு எதுக்குங்க மருந்து?"

"எல்லாத்துக்கும் அடிக்கச் சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண?"

அள்ளியதை அப்படியே கீழே போட்டேன். குழாயடியில் எவ்வளவு கழுவியும் நெடி போகவில்லை. வீட்டுக்குப் போனதும் மகளைத் தூக்க வேண்டிய கை. அம்மா தொடவிடாத சோப்பை எடுத்து, திரும்பத் திரும்பத் தேய்த்தேன்.