மேஜைக்கு அடியில் ஒரு டம்ளர்

கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை இன்னும் எரிகிறது. கிரிக்கெட் மேட்ச் இல்லை சார்... ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம்!

போன வாரம் என் தோழி சுகுணாவோடு திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஆசிரியர் பயிற்சி மாணவிகள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவது அவள் வேலை. வேடிக்கை பார்ப்பது என் வேலை.

அன்றைக்கு ஸ்டெல்லாவின் முறை. ராயபுரத்துப் பெண். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டவள். இதிலும் போனால் இன்னொரு வருடம் வீண். பாடம் — தண்ணீரை வடிகட்டுவது. அடியை அறுத்துக் கவிழ்த்த பாட்டிலில் பஞ்சு, மணல், கூழாங்கல் அடுக்கி, கலங்கல் தண்ணீரை ஊற்றினாள். தெளிந்த தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டியதோ டிகாஷன்!

"மிஸ், முன்ன இருந்தத விட கலீஜா கீது!" என்றாள் முன்வரிசைச் சிறுமி. வகுப்பே சிரித்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு மேஜைக்கு அடியில் ஒரு டம்ளர் தெரிந்தது. அது நிறையத் தெளிந்த கேன் தண்ணீர். சொதப்பினால் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட வேண்டும் — சீனியர் அக்காக்கள் சொல்லித்தரும் டெக்னிக் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்டெல்லாவின் கை கீழே போனது. 'எடும்மா, எடு!' என்று என் மனசு அடித்துக்கொண்டது. நியாயமாவது தர்மமாவது... பெண் பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

கை வெறுமனே மேலே வந்தது.

"ஆமா, தெளியல. ஏன் தெளியல? சொல்லுங்க."

அடேயப்பா, என்ன சத்தம்! "மண்ணைக் கழுவுனியா மிஸ்?" "பஞ்சு பத்தல மிஸ்!" மணலை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடியது ஒரு படை. மறுபடி அடுக்கி, மறுபடி ஊற்றி... சொட்டு விழும்வரை ஒருவரும் மூச்சு விடவில்லை. தெளிந்தது! நான் விசில் அடிக்காததுதான் பாக்கி.

"தெளிஞ்சாலும் அப்படியே குடிக்கக் கூடாது. கிருமி இருக்கும்" என்று முடித்தாள் ஸ்டெல்லா.

பிள்ளைகள் போனதும் சுகுணா உர்ரென்று கேட்டாள். "அடியில வெச்ச டம்ளரை ஏன் எடுக்கல?"

ஸ்டெல்லாவுக்கு வியர்த்துவிட்டது. "எடுக்கத்தான் போனேன் மேடம். ஆனா, இதுங்க வூட்டுக்குப் போயி செஞ்சு பாக்கும். தெளியலன்னா, தனக்குத்தான் மூளை இல்லன்னு நெனச்சிக்கும்."

சுகுணா குனிந்து அந்த டம்ளரை எடுத்து, மடமடவென்று குடித்தாள். "பாஸ்" என்றாள்.

கேன் தண்ணீரை வேறு எதற்குத்தான் வைத்திருப்பார்களாம்?