அன்னெமே

வடக்குத்து வீராயிக்கு நெய்வேலி மைன்ஸ் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலை. காலமெல்லாம் கான்ட்ராக்ட்தான், பெர்மனென்ட் அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதற்காக அவள் அழுததில்லை. ஒற்றை மகன் சிலம்பரசன் வெல்டராகத் துருக்கிக்குப் போனபோதுதான் அழுதாள்.

அங்கிருந்து போன் போட்டால் "அன்னெம்" என்றுதான் கூப்பிடுவான்.

"என்னாடா அன்னம்? சோத்துக்கு ஏங்கிக்கினு கெடக்கிறியா?"

"அய்ய, 'அன்னெ'ன்னா இந்த ஊர்ல அம்மா. பின்னால ஒரு 'ம்' சேத்தா, என் அம்மா."

"ஒரே எழுத்துல என்னிய ஒன்னோடதாக்கிக்கினியா? கெட்டிக்காரன்தான்" என்று சிரிப்பாள்.

சாரம் சரிந்து விழுந்தான் என்று சேதி வந்தது. பின்னாலேயே பெட்டி வந்தது. கூட வேலை செய்த துருக்கிக்காரன் ஒருவன், ஆஸ்பத்திரியில் அவன் கடைசியாகப் பேசியதைப் போனில் பதிந்து அனுப்பியிருந்தான். பேச்சென்ன பேச்சு, ஒரே சொல்: "அன்னெமே." அப்புறம் மூச்சு. அப்புறம் அதுவும் இல்லை.

வீராயிக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை. சாமியே, மகனே என்பதுபோல 'என் அம்மாவே' என்று கூப்பிட்டிருக்கிறான். இதுகூடத் தெரியாதா பெற்றவளுக்கு? தினமும் அதைப் போட்டுக் கேட்டு, "தோ இருக்கன்டா சாமி" என்பாள். பதில் சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பைத்தியம் என்றது தெரு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அங்கே அவனோடு ஒரே அறையில் இருந்த குள்ளஞ்சாவடி சுதாகர், லீவில் வந்தபோது துக்கம் விசாரிக்க வந்தான். அவனுக்கும் போட்டுக் காட்டினாள். பாவி, தெரிந்ததை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"என்னிய கூப்புட்றான் பாரு."

"கூப்புடலீங்க சின்னம்மா. அவங்க பாஷைல கடைசில 'ஏ' வந்தா நம்ம 'க்கு' மாதிரிங்க. பக்கத்துல இருந்தவன்கிட்ட, 'என் அம்மாவுக்கு'ன்னு என்னமோ சொல்ல வர்றான்."

"அம்மாவுக்கு என்னா?"

சுதாகர் போனை வாங்கிக் காதோடு வைத்து மறுபடி கேட்டான். "அதுக்கு மேல இல்லீங்க" என்றான்.

அன்றிலிருந்து வீராயிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கூப்பிட்ட பிள்ளைக்கு 'இருக்கேன்' என்று சொல்லலாம். அம்மாவுக்கு என்று ஆரம்பித்து நிறுத்தியவனுக்கு என்ன சொல்வது? சேதியா, பொருளா, ஒரு முத்தமா? ஷிப்ட் பஸ்ஸில் வாய்விட்டே கேட்கிறாள்: "எனக்கு என்னாடா?" பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விடுகிறாள்.

கேன்டீனில் யாராவது "வீராயிக்கு..." என்று குரல் கொடுத்தால் தேய்க்கும் கை அப்படியே நின்றுவிடும். அந்தக் 'க்கு'வுக்குப் பின்னால் ஒரு டீயாவது வந்துவிடுகிறது.